காலண்டர் கேஸ்கெட்

கிளட்ச் பக்கத்து மூடியைக் கழற்றினால் உள்ளே கேஸ்கெட், அதாவது எண்ணெய் கசியாமல் நடுவே அடைக்கும் தாள், இருக்க வேண்டிய இடத்தில் காலண்டர் இருந்தது. உண்மையாகவே காலண்டர்தான். மாதக் காலண்டரின் கெட்டித் தாளை மூடியின் வடிவத்துக்கு வெட்டி, திருகு போகும் இடங்களில் ஆணியால் குத்தி, இருபுறமும் கிரீஸ் தடவி ஒட்டியிருந்தார் யாரோ ஒருவர். எண்ணெயில் ஊறி வெற்றிலைக் காவி நிறத்துக்கு வந்துவிட்ட அந்தத் தாளில், கீழ்த் திருகுக்குப் பக்கத்தில் 17 என்ற எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன், "இப்படியெல்லாமா வண்டி வேலை பார்ப்பாங்க" என்று எழுதினேன். அந்த வரியைப் பிறகு அழிக்கலாமா என்று நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

வண்டி ஜாவா 250. ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு புகை வாய், இரண்டு சைலன்சர். தெரியாதவர்கள் பின்னாலிருந்து பார்த்து இரட்டைச் சிலிண்டர் வண்டி என்றே நினைப்பார்கள், நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன். யானெச்செக் என்ற செக் நாட்டுக்காரர் 1929-ல் வாண்டரர் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் உரிமையை வாங்கி, தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் அதன் முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்து வைத்த பெயர்தான் ஜாவா. 1961 முதல் மைசூரிலும் தயாரானது. எனக்கு இந்த வண்டியில் பிடித்தது அந்த ஒற்றை லீவர். கியர் மாற்றுவதும் அதுதான், உள்ளே அழுத்தித் திருப்பினால் கிக்கரும் அதுதான். அதோடு, கியர் லீவரைக் காலால் நகர்த்தும்போதே கிளட்சும் தானாக விடுபடும், கையில் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றலாம். அந்தக் காலத்திலேயே இதை யோசித்த ஆள் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம்.

என் கைக்கு வந்தபோது அந்த லீவர் அசையவே இல்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன், ஏறி நின்று முழு எடையையும் போட்டு உதைத்தேன். இதைச் செய்யவே கூடாது. ஒட்டியிருக்கும் பிஸ்டனை உதைத்தால் கிக்கர் பல்சக்கரம் உடையும், பிஸ்டன் ரிங் முறியும், கனெக்டிங் ராடு வளையும், மூன்றில் எது முதலில் என்பதுதான் கேள்வி. என் அதிர்ஷ்டம், செருப்பு மட்டும்தான் அறுந்தது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளிலேயே வாழ்க்கையைக் கழித்த ஒரு மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எத்தனை வருஷமா நிக்குது?"

"சரியாத் தெரியலண்ணே, பத்து வருஷம் இருக்கும்."

"அது பத்து வருஷம் நின்னுருக்கு தம்பி. நீங்க ஒரு பத்து நாள் நிக்க மாட்டீங்களா?"

அவர் சொன்னபடி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து அந்த ஓட்டை வழியே ஊற்றினேன். அசிட்டோன் சின்னச் சந்துக்குள்ளும் இறங்கும், எண்ணெய் உள்ளே போக உதவும். பிறகு சும்மா இருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். தினமும் காலையில் போய்க் கொஞ்சம் ஊற்றுவது, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டிப் பார்ப்பது, திரும்பி வருவது. எட்டாவது நாள் சக்கரத்தை ஆட்டும்போது கைக்கு ஒரு சின்ன நெகிழ்வு தெரிந்தது. சத்தம்கூட இல்லை, ஒரு நூல் அளவு நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். பழைய பால் பல் ஆடுவதை நாக்கு கண்டுபிடிக்குமே, அப்படி. அடுத்த அரை மணி நேரத்தில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கார்பரேட்டரைச் சுத்தம் செய்து, பாயிண்டை (ஸ்பார்க் வரவைக்கும் சின்ன சுவிட்ச்) தேய்த்து, ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்து, முதலில் இன்ஜினை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஓடும் வண்டி தன் நோயைத் தானே சொல்லும். எங்கே தட்டுகிறது, எங்கே புகைகிறது, எந்த கியர் நழுவுகிறது எல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிரித்துப் போட்ட வண்டி எதுவும் சொல்லாது. ஆனால் எனக்கு வந்த உற்சாகத்தில், ஒரே சனி ஞாயிறில் மொத்த வண்டியையும் பிரித்தேன். கழற்றிய திருகு, நட்டு, வாஷர் அத்தனையும் ஒரே பெயிண்ட் டப்பாவுக்குள். பிரிக்க இரண்டு நாள், சேர்க்கப் பதினான்கு மாதம்.

அந்தப் பெயிண்ட் டப்பா என்ன செய்தது என்று சொல்கிறேன். இன்ஜின் மூடிகளைப் பிடிக்கும் திருகுகள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், நீளம் மட்டும் நாலைந்து விதம். மாதங்கள் கழித்து மூடியை மாட்டும்போது எது எங்கே என்று தெரியவில்லை. கைக்கு வந்ததைப் போட்டு முறுக்கினேன். ஒரு திருகு மூடியைத் தொடும் முன்பே இறுகியது. சரி, அழுக்கு அடைத்திருக்கும் என்று இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். இறுக்கம் போய், வெண்ணெயில் திரும்புவதுபோல லேசாகத் திரும்பியது. அந்த நிமிடம் வயிற்றில் ஒன்று விழும் பாருங்கள். நீளத் திருகு குட்டை ஓட்டையின் அடியில் முட்டி, அலுமினிய மரையை முழுவதுமாக உரித்துக்கொண்டு வந்துவிட்டது. வெளியே எடுத்தால் திருகின் பள்ளங்களில் வெள்ளிச் சுருள் மாதிரி அலுமினியம். அறுபது வருடம் தாங்கிய மரை, என் கையில் அரை நிமிடம். பிறகு ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, எஃகுச் சுருள் ஒன்றை உள்ளே ஏற்றிச் சரிசெய்தேன். ஹெலிகாயில் என்பார்கள். பழைய மரையைவிட அது உறுதி என்பது மட்டும் ஆறுதல்.

இப்போதெல்லாம் மூடி கழற்றும் முன் ஒரு அட்டையில் மூடியின் உருவத்தைக் கோடு போட்டு வரைந்துவிடுவேன். ஒவ்வொரு திருகும் எந்த இடத்திலிருந்து வந்ததோ, அட்டையில் அதே இடத்தில் குத்தி நிறுத்துவேன். போட்டோவைவிட இது மேல். போட்டோவில் திருகின் தலைதான் தெரியும், நீளம் தெரியாது.

துருவைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்குத் துரு பெரிய எதிரியாகத் தெரியவில்லை, பொறுமையாக இருந்தால் போய்விடும். டேங்க் உள்ளே தேன்கூடு மாதிரி துரு ஏறியிருந்தது, குலுக்கினால் கொட்டைப்பாக்கு உருட்டுவதுபோலச் சத்தம். உள்ளே நட்டும் சங்கிலியும் போட்டுக் குலுக்கச் சொல்வார்கள், நான் மின்சாரத்தால் எடுத்தேன். நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, டேங்க் நிறைய. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் டேங்கில், பாசிட்டிவ் ஒரு சாதா இரும்புக் கம்பியில், அந்தக் கம்பி டேங்க் வாய் வழியே உள்ளே தொங்க வேண்டும், ஆனால் எங்கேயும் தொடக்கூடாது, அதற்கு ரப்பர் மூடியில் ஓட்டை போட்டுச் சொருகினேன். மூடி காற்றுப் போகாமல் அடைக்கக்கூடாது. மின்சாரம் விட்ட கொஞ்ச நேரத்தில் நுரை பொங்க ஆரம்பித்தது. கம்பியில் ஆரஞ்சு சேறு படியும், அவ்வப்போது எடுத்துச் சுரண்டிவிட்டு மறுபடி விட வேண்டும். இரண்டு நாளில் டேங்க் சுவர் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது.

இதில் விளையாடக் கூடாத விஷயங்கள் உண்டு. இணைப்பை மாற்றிக் கொடுத்தால் துருவுக்குப் பதில் டேங்கே கரையத் தொடங்கும். வரும் குமிழி ஹைட்ரஜன், அதனால் திறந்தவெளியில்தான், பக்கத்தில் பொறிகூடக் கூடாது, சார்ஜரை அணைத்த பிறகுதான் கிளிப்பைத் தொட வேண்டும். கம்பி பளபளப்பாக இருக்கட்டும் என்று எவர்சில்வர் போட்டுவிடாதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் விஷமான வடிவத்தில் தண்ணீரில் இறங்கும். அதெல்லாம் சரியாகச் செய்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துண்டு எடுக்க உள்ளே போனேன், திரும்பி வருவதற்குள் டேங்குக்குள் மஞ்சள் படலம். சுத்தமான இரும்புக்கு ஈரம் போதும், நொடியில் துருப் பூக்கும். மறுபடி ஒருநாள். இரண்டாம் முறை முடி உலர்த்தும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே தண்ணீரைக் கொட்டினேன், காய்ந்த உடனே எண்ணெய் கலந்த பெட்ரோல் விட்டு உருட்டினேன்.

வெளியே டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. இதில் நண்பர்களோடு எனக்குச் சண்டை. இரு பக்கமும் முழங்கால் உரசி உரசிச் சிவப்புப் போய், அடியில் பிரைமர் தெரிந்து, அதன் நடுவில் இரும்பு தெரிகிறது. எத்தனையோ பேரின் கால் அது. அதை மூடிப் பளபளவென்று ஆக்கினால் கண்காட்சிக்கு ஆகும், எனக்கு வேண்டாம். மெழுகு தேய்த்து விட்டுவிட்டேன். குரோம் பகுதிகளில் மேலோட்டமான துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும், அலுமினியம் குரோமைவிட மெத்தென்றது, கீறாது. வண்டியின் சட்டத்தில் (ஃபிரேம்) மட்டும் துரு ஆழமாக ஏறியிருந்ததால் சுரண்டி, நாலு கோட்டு கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். அழகாக வந்தது. அந்த அழகுதான் அடுத்த மூன்று வாரத்தைத் தின்றது.

ஒயரிங் எல்லாம் புதிது. சாவியைத் திருப்பினால் ஹெட்லைட் மின்மினிப் பூச்சி மாதிரி, ஹாரன் இருமல் மாதிரி. ஒயரை மாற்றினேன், பல்பை மாற்றினேன், சுவிட்சைப் பிரித்தேன், பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். இந்த வண்டிகள் 6 வோல்ட். 24 வாட் பல்புக்கு 12 வோல்ட் வண்டியில் 2 ஆம்பியர் போனால், இதில் 4 ஆம்பியர் போக வேண்டும், இருக்கும் வோல்ட்டும் பாதிதான். ஆக, இணைப்பில் எங்கேனும் சின்னத் தடை இருந்தாலும் இழப்பு பெரிதாகத் தெரியும். கடைசியில் மெக்கானிக் அண்ணன் சொல்லி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் (மின்சாரம் சட்டத்தின் வழியே திரும்பிவரும் முனை) இன்னொன்றை ஹெட்லைட் கிண்ணத்திலும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டிய மீட்டர் 2 வோல்ட் காட்டியது. ஆறில் இரண்டு எர்த்திலேயே போய்க்கொண்டிருக்கிறது. எர்த் ஒயர் சட்டத்தில் உட்காரும் இடத்திலும் நாலு கோட்டு பெயிண்ட்! கால் ரூபாய் நாணயம் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து இரும்பைக் காட்டி, பல் வாஷர் போட்டு முறுக்கியதும் ஹெட்லைட் முகத்தில் அடித்தது.

இன்ஜினுக்கு வருகிறேன். டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது, ரொம்ப எளிமை என்பார்கள். எளிமைதான், ஆனால் அந்த எளிமை முழுக்க ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தின் தலையில் நிற்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸ் அறைக்குள் வந்து, பிஸ்டன் கீழே இறங்கும்போது அங்கே அழுத்தப்பட்டு, பிறகுதான் மேலே போகிறது. கிராங்க் ஷாஃப்ட்டின் இரு பக்கமும் உள்ள சீல்கள் காற்றைப் பிடித்துவைக்காவிட்டால் இந்த ஏற்பாடே நடக்காது. டைனமோ பக்கச் சீல் போனால் அந்த வழியாக வெறும் காற்று உள்ளே வரும், பெட்ரோல் குறைந்த கலவையில் இன்ஜின் தானாகவே ரேஸ் ஆகும், சூடேறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போனால் அங்கிருக்கும் எண்ணெயை இன்ஜின் உறிஞ்சும், பின்னால் கொசு மருந்து வண்டி மாதிரி புகை வரும், எண்ணெய் மட்டும் மாயமாகக் குறைந்துகொண்டே போகும்.

இத்தனையும் தெரிந்தும் பழைய சீல்களையே வைத்து மூடினேன், பார்க்க நன்றாக இருந்தனவாம். அப்புறம் ஒரு சோதனை செய்தேன், இதை யார் கேட்டாலும் சொல்வேன். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கையில் அமுக்கும் ரப்பர் குமிழும் வட்ட மீட்டரும் இருக்குமே, அதுதான். இரண்டு புகை வாயையும் ரப்பர் தட்டு வைத்து அடைத்து, பிளக்கை மாட்டி, கார்பரேட்டர் உட்காரும் இடத்தில் குழாய் செருகிய ஒரு தட்டைப் பொருத்தி, அந்த மீட்டரில் மெதுவாக 250 வரை ஏற்றினேன். அது ஐந்து பி.எஸ்.ஐ.க்குக் கொஞ்சம் கீழே, அதற்கு மேல் வேண்டாம், சீலே பிதுங்கிவிடும். முள் நிற்கவில்லை, அரை நிமிடத்தில் கீழே வந்துவிட்டது. சோப்பு நுரையைத் தடவினால் டைனமோ பக்கம் ஒரு குமிழி ஊதி உடைந்து, மறுபடி ஊதி உடைந்தது. இன்ஜினுக்கு மூச்சு இருக்கிறது, ஆனால் தப்பான இடத்தில். பழைய சீலை வெளியே எடுத்து விரலால் அழுத்தினால் உதடு வளையவே இல்லை, ரப்பர் பிளாஸ்டிக்காகியிருந்தது. புதுச் சீல் போட்ட பிறகு முள் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றது. இரத்த அழுத்தம் நார்மல் என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

சிலிண்டரில் துரு தின்ற குழி இருந்ததால் லேத்தில் கொடுத்து உள்சுவரைக் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கி (ரீபோர்), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். ரிங்கை அப்படியே மாட்டக்கூடாது. முதலில் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இரு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். சிலிண்டரின் 65 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்கு கால் மில்லிமீட்டர் சுமார் இடைவெளி இருக்கட்டும், சூட்டில் ரிங் நீளும்போது முனைகள் முட்டினால் சிலிண்டரையே கீறிவிடும். பிஸ்டன் பள்ளத்தில் ஒரு சின்ன ஊசி இருக்கும், ரிங்கின் வாய் அதன்மேல் உட்கார வேண்டும். டூ ஸ்ட்ரோக் சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் ஜன்னல்கள் இருப்பதால், ரிங் சுற்றிவந்து முனை ஜன்னலில் மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு.

சக்கரங்களுக்கு ஸ்போக் புதிதாகக் கட்டி நானே கோட்டம் எடுத்தேன். ஃபோர்க்கில் ஒரு ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக்கைக் கட்டி, அதன் நுனி ரிம்மைத் தொடும் தொடாமல் இருக்கும்படி வெட்டிவிட்டால் அதுவே அளவுகோல். சுற்றும்போது எங்கே "டிக்" என்று தொடுகிறதோ அங்கே எதிர்ப்பக்க ஸ்போக்கைக் கால் சுற்று இறுக்க வேண்டும், அரைச் சுற்று போனால் கோட்டம் மறுபக்கம் போய்விடும். முடிந்ததும் ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டிக் கேட்டேன், ஒரே சுருதியில் பாட வேண்டும், தொளதொளவென்று ஒலிப்பதுதான் தளர்ந்தது. இன்னொன்று, பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், புதுக் கண்டென்சர், நீலமாகச் சொடுக்கும் ஸ்பார்க், லிட்டருக்கு 40 மில்லி எண்ணெய். ஒரு ஞாயிறு மாலை எல்லாம் தயார். லீவரை உள்ளே அழுத்தித் திருப்பி உதைத்தேன். ஒன்றுமில்லை. ஆறாவது உதையில் ஒரு தும்மல், ஒன்பதாவதில் பிடித்துக்கொண்டது. வலது சைலன்சரிலிருந்து முதல் புகையோடு ஒரு மண்கட்டி பறந்து சுவரில் அடித்தது. குளவிக் கூடு. பதினான்கு மாதமாக வண்டியின் ஒவ்வொரு உறுப்பையும் துடைத்தவன் சைலன்சருக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்க்கவில்லை.

ஆனால் கியர் போட்டதும் வண்டி துள்ளி நின்றது. கிளட்ச் முழுதாக விடவில்லை. மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும், திறந்தேன், புத்தம் புதுக் கேஸ்கெட் பாதி மூடியோடும் பாதி இன்ஜினோடும் ஒட்டிக்கொண்டு இரண்டாகக் கிழிந்தது. பிளேட்டுகளின் ஸ்பிரிங்கைச் சரிசெய்து முடித்தபோது ராத்திரி பத்து மணி. இருந்தது ஒரே ஒரு கேஸ்கெட். விடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று எந்த மனிதனாவது விட்டுவிட்டுப் படுக்கப் போவானா? சுற்றிப் பார்த்தேன். பிஸ்டன் செட் வந்த அட்டைப்பெட்டி கிடந்தது. பிரித்து மூடியின்மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டினேன், தட்டத் தட்ட அட்டை விளிம்பின் வடிவத்துக்கே வெட்டுப்பட்டு விழுந்தது. திருகு ஓட்டைகளுக்கு ஆணி. இருபுறமும் கிரீஸ். மூடியை அழுத்தும்போது பார்த்தேன், கீழ்த் திருகுக்குப் பக்கத்தில் பெட்டியில் அச்சடித்த ஒரு எண் எட்டிப் பார்த்தது.

அன்று ராத்திரி தெருமுனை வரை போய்வந்தேன். கிளட்சைத் தொடாமலே கியர் விழுந்தது.

இப்போது மூன்று மாதமாக ஓடுகிறது. நிறுத்திவைக்கும் இடத்தில் அடியில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன், காலையில் பார்த்தால் இரண்டு சொட்டு எண்ணெய் இருக்கும், கிளட்ச் மூடியிலிருந்துதான். 17 போட்ட அந்தப் பழைய கேஸ்கெட்டை எடுத்த அன்று அந்த மூடிக்குக் கீழே ஒரு சொட்டுக்கூடக் கசிந்த தடம் இல்லை, இன்ஜினைத் தூக்கியபோது அடிப்பக்கம் காய்ந்து கிடந்தது நன்றாக நினைவிருக்கிறது. அதே கனத்தில் ஒரு காலண்டர் தாள் தேடிக்கொண்டிருக்கிறேன்.